மூன்று ரூபாய் பேலன்ஸில் ஓர் அழைப்பு: கேமல் முதல் 5ஜி வரை கற்றுக்கொள்ள ஒரு வழி

ஓஎம்ஆரில் ஏதோ ஒரு டெலிகாம் டெஸ்டிங் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் நாள் காலை லேப்டாப்பைக் கையில் கொடுத்து, "23.078 ஸ்பெக்கைப் படிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் மீட்டிங்குக்குப் போய்விடுவார். கேமல் என்ற மொபைல் தரநிலையின் ஆவணம் அது. திறந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான பக்கங்கள். பக்கம் பக்கமாகக் கட்டங்களும் அம்புக்குறிகளும். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும்போது, காலையில் தெரிந்ததுகூட இப்போது தெரியவில்லையோ என்று தோன்றும். பெருங்குடியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அப்படித்தான் போனது. அதற்குப் பிறகு வந்த பல தம்பி தங்கைகளுக்கும் அப்படியே போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஸ்பெக்கை மூடி வையுங்கள். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் போதும். அதுவரை ஒரே ஓர் அழைப்பின் பின்னாலேயே போங்கள்: கிண்டி ரயில் நிலையத்தில் நிற்கும் ஒருவர், ப்ரீபெய்டு சிம், மூன்று ரூபாய் பேலன்ஸ், மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு போன் போடுகிறார்.

முதலில் ஒரு நோட்டில் நான்கு கேள்விகள்

இவற்றைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். யார் கேட்கிறார்? யார் முடிவு சொல்கிறார்? அழைப்பின் எந்த இடத்தில் கேட்கிறார்? பதில் வராவிட்டால் என்ன நடக்கும்?

1980களின் தொலைபேசி நிலையத்திலிருந்து இன்றைய 5ஜி வரை இந்தத் துறையில் வந்த எல்லாத் தரநிலைகளும் இந்த நான்குக்கும் பதில் சொல்கின்றன. பெட்டிகளின் பெயர் மாறும், புரோட்டோகால் மாறும், கேள்விகள் மாறாது. இதைப் பிடித்துக்கொண்டால் புதிய தரநிலை எது வந்தாலும் நோட்டில் ஒரு பத்தியைக் கூடுதலாகப் போட்டு நிரப்பிவிடலாம்.

எனக்கு இது புரிந்தது எங்கள் தெரு அண்ணாச்சி கடையை வைத்துத்தான். கல்லாவில் பையன் நிற்கிறான். அரிசி, பருப்பு எல்லாம் எடுத்துக் கொடுக்க அவனுக்குத் தெரியும். ஆனால் கடன் கேட்டால் அவன் முடிவெடுக்க மாட்டான். வீட்டிலிருக்கும் அண்ணாச்சிக்கு போன் போடுவான். "மூணாவது வீட்டு சார் கேக்கறார், கொடுக்கட்டுமா?" அண்ணாச்சி கொடு என்றால் கொடுப்பான், வேண்டாம் என்றால் மாட்டான். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போகாதே என்றால் அந்த அளவோடு நிறுத்துவான். யாருக்கெல்லாம் கேட்க வேண்டும் என்பது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். சரக்கு கொடுப்பவன் ஒருவன், முடிவு சொல்பவர் இன்னொருவர். நுண்ணறிவு நெட்வொர்க் என்று சொல்லும் ஐஎன் அமைப்பின் முழு யோசனையும் இதுதான்.

1800இலிருந்து தொடங்குங்கள்

மொபைலை மறந்துவிடுங்கள். ஒரு லேண்ட்லைனிலிருந்து 1800 என்று தொடங்கும் கட்டணமில்லா எண்ணை டயல் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணில் உண்மையில் எந்தத் தொலைபேசியும் இல்லை. அது ஒரு பெயர்தான். சென்னையிலிருந்து அழைத்தால் சென்னை அலுவலகத்துக்கும் இரவு நேரமென்றால் வேறோர் ஊருக்கும் அந்த அழைப்பு போக வேண்டியிருக்கலாம். இதையெல்லாம் நாட்டிலுள்ள ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சிலும் எழுதிவைப்பது நடக்கிற காரியமா? எண் மாறினால் அத்தனை எக்ஸ்சேஞ்சிலும் மாற்ற வேண்டும்.

அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் 800 எண்களுக்கு இதைத்தான் தீர்த்தது. எக்ஸ்சேஞ்ச் அழைப்பை அப்படியே நிறுத்திவைத்து, மையமாக உள்ள ஒரு டேட்டாபேஸிடம் கேட்கும். பதிலாக வரும் உண்மையான எண்ணுக்கு இணைக்கும். கேட்கும் எக்ஸ்சேஞ்சுக்கு எஸ்எஸ்பி என்றும், பதில் சொல்லும் இடத்துக்கு எஸ்சிபி என்றும் பெயர் நிலைத்தது. இரண்டுக்கும் நடுவே பேச்சு ஓடும் பாதை எஸ்எஸ்7 என்ற சிக்னலிங் அமைப்பு.

1993இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு இதைச் சிஎஸ்-1 என்ற பெயரில் தரநிலையாக்கியது. அதிலிருந்து ஐரோப்பாவின் எட்சி அமைப்பு 1994இல் ஐநாப் என்ற புரோட்டோகாலைக் கொண்டுவந்தது. இதில் நீங்கள் இந்த வாரம் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: பிசிஎஸ்எம். ஓர் அழைப்பு தொடங்கி முடியும்வரை கடந்துபோகும் நிலைகளின் வரைபடம் அது. அந்தப் பாதையில் அங்கங்கே டிபி என்ற நிறுத்தங்கள் உண்டு. எண் டயல் ஆகிவிட்டது, ஒரு நிறுத்தம். எதிர்முனை பிஸி, ஒரு நிறுத்தம். எடுத்துவிட்டார், ஒரு நிறுத்தம். வைத்துவிட்டார், ஒரு நிறுத்தம். எந்த நிறுத்தத்தில் நின்று எஸ்சிபியிடம் கேட்க வேண்டும் என்பதுதான் நோட்டில் உள்ள மூன்றாவது கேள்வி. கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில் பாதையை வரைவதுபோல ஒரு தாளில் கோடு போட்டு, டிபி 2, 4, 5, 6, 7, 9, 10 என்று குறித்து மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். தினமும் வேண்டியிருக்கும்.

அப்புறம் சிம்மை ஊர்விட்டு ஊர் கொண்டுபோங்கள்

லேண்ட்லைன் வீட்டை விட்டு நகராது. அதனால் அதன் எக்ஸ்சேஞ்சுக்கும் எஸ்சிபிக்கும் ஒரே முதலாளி. மொபைலில் அந்த வசதி இல்லை.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1995இல் இங்கே மொபைல் சேவை வந்தபோது சென்னை ஒரு தனி உரிம வட்டம். தமிழ்நாட்டின் மற்ற பகுதிகள் இன்னொரு வட்டம். சென்னையில் ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலார் என்று இரண்டே நிறுவனங்கள். சென்னை எண்ணை வைத்திருப்பவர் சென்னை வட்டத்தைத் தாண்டினால் அது ரோமிங். போஸ்ட்பெய்டு என்றால் பிரச்சினை இல்லை: பேசிய கணக்கு பிறகு வந்து சேரும், பில் போட்டுக்கொள்ளலாம். ப்ரீபெய்டு என்றால் பேசிக்கொண்டிருக்கும்போதே பணம் கழிய வேண்டும். போன இடத்து எம்எஸ்சிக்கு, அதாவது அங்குள்ள மொபைல் எக்ஸ்சேஞ்சுக்கு, உங்கள் பேலன்ஸ் தெரியாது. அது உங்கள் சொந்த நெட்வொர்க்கின் எஸ்சிபியிடம் கேட்கவும் முடியாது. ஏனென்றால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு கருவித் தயாரிப்பாளரும் ஐநாப்பில் தன் இஷ்டத்துக்குச் சில அங்கங்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒருவருடைய எம்எஸ்சி பேசுவது இன்னொருவருடைய எஸ்சிபிக்குப் புரியாது.

இதற்கு உலகம் முழுக்க ஒரு சுற்றுவழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்: யுஎஸ்எஸ்டி கால்பேக். ஸ்டார் போட்டு எண்ணை டயல் செய்தால் அந்தக் கோரிக்கை சொந்த நெட்வொர்க்குக்குப் போகும். அங்கிருந்து உங்களுக்கு ஓர் அழைப்பு, அம்மாவுக்கு ஓர் அழைப்பு என இரண்டு போட்டு இணைப்பார்கள். வேலை நடக்கும், ஆனால் சாதாரணமாக டயல் செய்து பழகிய ஒருவருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது பெரும் பாடு.

இந்த இடத்தில்தான் கேமல் வருகிறது. கஸ்டமைஸ்டு அப்ளிகேஷன்ஸ் ஃபார் மொபைல் நெட்வொர்க்ஸ் என்ஹான்ஸ்டு லாஜிக் என்ற நீளமான பெயரின் முதலெழுத்துகள் அவை. ஒட்டகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஜிஎஸ்எம் ரிலீஸ் 96இல் முதல் கட்டம் வெளியானது. ஐநாப்பிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்து, எல்லோருக்கும் பொதுவாகக் கேப் என்ற புரோட்டோகாலை உருவாக்கினார்கள்.

ஆனால் கேமலில் என்னை ஈர்த்தது கேப் அல்ல, அந்தச் சீட்டு. சொந்த நெட்வொர்க்கின் வாடிக்கையாளர் பதிவேடான எச்எல்ஆரில் உங்கள் கணக்கோடு சிஎஸ்ஐ என்ற சிறு குறிப்பு இருக்கிறது. எந்த எஸ்சிபியிடம் கேட்க வேண்டும், எந்த டிபியில் நிற்க வேண்டும், எந்தச் சேவை என்பதற்கான எண், பதில் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்கும். நம் நோட்டில் உள்ள கேள்விகளில் பின் மூன்றுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. முதல் கேள்விக்குப் பதில், சீட்டைப் பார்த்துக் கேட்கும் எம்எஸ்சி. நீங்கள் புதிய ஊரில் போனை ஆன் செய்ததும், அந்த ஊருக்கு வந்திருப்பவர்களின் தற்காலிகப் பதிவேடான விஎல்ஆர் தனக்குக் கேமலின் எந்தெந்தக் கட்டங்கள் தெரியும் என்று எச்எல்ஆரிடம் சொல்லும். பொருந்தினால் எச்எல்ஆர் சிஎஸ்ஐயை அனுப்பிவைக்கும். பொருந்தாவிட்டால் வெளி அழைப்புகளைத் தடுத்துவிடலாம், கால்பேக்குக்குத் திருப்பலாம். அது சொந்த நெட்வொர்க்கின் முடிவு. அண்ணாச்சி கடைக் கல்லாவில் ஒட்டிய சீட்டு, வாடிக்கையாளரின் சட்டைப்பையிலேயே ஊர் ஊராகப் போவதுபோல.

அழைக்கும்போது பயன்படும் சீட்டு ஓ-சிஎஸ்ஐ. அழைப்பு வரும்போது பயன்படுவது டி-சிஎஸ்ஐ. முதல் மாதத்துக்கு இந்த இரண்டும் போதும்.

ஓர் அழைப்பை வரி வரியாகப் படியுங்கள்

முதல் கட்டக் கேமலில் எண்ணை மாற்றலாம், அழைப்பைத் துண்டிக்கலாம், எடுத்தார் வைத்தார் என்ற தகவலைப் பெறலாம். வெளியூரிலிருந்து அலுவலகத்தின் குறுக்கெண்ணை டயல் செய்தால் முழு எண்ணாக மாற்றித் தர அது போதும். ஆனால் "இத்தனை நொடிதான்" என்று சொல்ல அதில் வழியில்லை. அறிவிப்பு ஒலிக்கவும் வழியில்லை. ரிலீஸ் 97இல் வந்த இரண்டாம் கட்டம்தான் அந்த வழியைத் திறந்தது. உலகம் முழுக்க ப்ரீபெய்டு ரோமிங்கைத் தூக்கி நிறுத்தியது இதுதான் என்பேன். புதிதாக வருபவர்கள் தங்கள் நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம்.

சரி, கிண்டிக்குப் போவோம். கட்டணம் நொடிக்கு ஒரு பைசா என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மூன்று ரூபாய்க்கு 300 நொடி.

அவர் டயல் செய்ததும் எம்எஸ்சி அவருடைய ஓ-சிஎஸ்ஐயைப் பார்க்கிறது. டிபி 2இல், அதாவது எண் முழுதாக வந்துசேர்ந்த இடத்தில், நிற்கிறது. எஸ்சிபிக்கு ஐடிபி என்ற செய்தி போகிறது: அழைப்பவர் யார், எந்த எண்ணை டயல் செய்தார், இப்போது எந்த செல்லில் இருக்கிறார், சேவை எண் என்ன.

எஸ்சிபி பேலன்ஸைப் பார்த்து மூன்று செய்திகளைச் சேர்த்து அனுப்புகிறது. ஒன்று ஆர்ஆர்பி: பிஸி, எடுக்கவில்லை, எடுத்தார், வைத்தார், பாதியில் கைவிட்டார், இதெல்லாம் நடந்தால் எனக்குச் சொல். இரண்டாவது ஏசி, அதாவது அப்ளை சார்ஜிங்: இவ்வளவு நேரம் பேச விடு. மூன்றாவது கன்டினியூ: மேலே போ.

இந்த ஏசிக்குள் இருக்கும் எண்ணை எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி காட்டினான்.

"அக்கா, இதுல மூவாயிரம்னு இருக்கு. மூவாயிரம் நொடின்னா ஐம்பது நிமிஷம் ஆச்சே. மூணு ரூபாய்க்கு ஐம்பது நிமிஷமா? பக் போட்டுடட்டுமா?"

"நொடி இல்லப்பா. நூறு மில்லிநொடி ஒரு அலகு. பத்தால வகு."

அவன் கேட்டது நல்ல கேள்வி. எண்ணைப் பார்த்தவுடன் ரூபாயோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறான். அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். இந்தப் புலத்தின் உச்ச அளவு 864000. பத்தால் வகுத்தால் 86400 நொடி, சரியாக ஒரு நாள். அலகு என்ன என்பது மறந்துபோனால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் மணி அடிக்கிறது. அம்மா எடுக்கிறார். டிபி 7, எம்எஸ்சியிலிருந்து ஈஆர்பி என்ற தகவல் போகிறது. கடிகாரம் ஓடத் தொடங்குவது இந்த நொடியிலிருந்துதான், டயல் செய்ததிலிருந்து அல்ல. எஸ்சிபி கேட்டிருந்தால், நேரம் முடிய 30 நொடி இருக்கும்போது எச்சரிக்கை ஒலி கேட்கும், 270ஆவது நொடியில். நம்மவர் 142 நொடி பேசிவிட்டு, ரயில் வந்ததும் வைத்துவிடுகிறார். எம்எஸ்சியிலிருந்து ஏசிஆர், அதாவது ஏசிக்கான கணக்கு அறிக்கை, போகிறது, அதில் 1420. கூடவே டிபி 9க்கான ஈஆர்பி. எஸ்சிபி ஒரு ரூபாய் நாற்பத்திரண்டு பைசாவைக் கழித்துக்கொண்டு உரையாடலை முடிக்கிறது. ஒரு ரூபாய் ஐம்பத்தெட்டு பைசா மிச்சம்.

நடைமுறையில் முழு 300 நொடியையும் ஒரே தடவையில் கொடுக்காமல் சிறு சிறு துண்டுகளாகக் கொடுப்பதும் உண்டு. ஒரு துண்டு தீர்ந்ததும் ஏசிஆர், அடுத்த ஏசி, இப்படிப் போகும். ட்ரேஸில், அதாவது இந்தச் செய்திகளின் பதிவில், இந்த இரண்டும் மாறி மாறி வந்தால் பயப்பட வேண்டாம்.

இரண்டாம் கட்டத்தில் எனக்குப் பிடித்த இன்னொன்று அறிவிப்பு. பேலன்ஸ் இல்லாமல் துபாயில் நிற்கும் சென்னைக்காரருக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டுமென்றால் என்ன செய்வது? துபாய் எம்எஸ்சியில் தமிழ்க் குரல் இருக்காது. எஸ்டாப்ளிஷ் டெம்பரரி கனெக்‌ஷன் என்ற செய்தியின் மூலம் எஸ்சிபி அந்த அழைப்பைத் தற்காலிகமாகச் சொந்த நெட்வொர்க்கின் அறிவிப்பு நிலையத்தோடு இணைக்கச் சொல்லும். தன் ஊர்க் குரல் அங்கே கேட்கும்.

வயர்ஷார்க்கைத் திறவுங்கள்

படித்தது போதும். உங்கள் குழுவின் லேபிலிருந்து ஒரு ட்ரேஸ் கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள். உண்மை வாடிக்கையாளர்களின் ட்ரேஸை சொந்த லேப்டாப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதில் எண்ணும் இருப்பிடமும் இருக்கிறது.

நெட்வொர்க் செய்திகளைப் பிரித்துக் காட்டும் மென்பொருள்தான் வயர்ஷார்க். அதன் வடிகட்டியில் கேமல் என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்தால் கேப் செய்திகள் மட்டும் நிற்கும். எதுவும் வரவில்லை என்றால் கீழ் அடுக்குகளைப் பாருங்கள்: எஸ்சிடிபி, எம்3யுஏ, எஸ்சிசிபி, டிகேப், அதற்கு மேல்தான் கேப். எஸ்சிசிபியில் கேப்புக்கான துணை அமைப்பு எண் 146. உங்கள் லேபில் வேறு எண்ணை வைத்திருந்தால் வயர்ஷார்க்கின் விருப்பத் தேர்வுகளில் அதைச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து, புதியவர்கள் அரை நாள் தொலைக்கும் இடம் இது.

முதல் ஐடிபியைப் பிரித்து, டயல் செய்த எண்ணின் பைட்டுகளை உங்கள் கண்ணாலேயே படியுங்கள். கட்டணமில்லா எண்ணுக்கான அழைப்பென்றால் 81 81 00 என்று தொடங்கும். இரண்டு 81ஐயும் பார்த்து ஏதோ இரட்டிப்பாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். முதல் 81 எண்ணே அல்ல. எண்ணின் வகையைச் சொல்லும் பைட். இரண்டாவது 81தான் 1, 8 என்ற இலக்கங்கள், இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. அடுத்த 00 இரண்டு பூஜ்யம். ஆக 1800. அதேபோல இந்திய சிம்மின் அடையாள எண்ணான ஐஎம்எஸ்ஐ 404 அல்லது 405 என்று தொடங்கும். ட்ரேஸில் முதல் பைட் 04 என்று தெரியும். ஐந்தாறு எண்களை இப்படிக் கையால் புரட்டிப் படித்த பிறகு, கருவி காட்டும் மொழிபெயர்ப்பு தவறும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு டிகேப் உரையாடலின் தொடக்கம் முதல் முடிவு வரை நோட்டில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். பத்து அழைப்பு வரையுங்கள்: எடுத்தது, பிஸி, எடுக்காதது, பேலன்ஸ் இல்லாதது, பாதியில் காசு தீர்ந்தது. இப்போது 23.078ஐத் திறக்கலாம். படங்களைத் தாண்டிச் சென்று செய்திப் பட்டியல்களை முதலில் படியுங்கள். செய்தியின் உள்ளமைப்புக்கு 29.078. சேவையின் நோக்கத்துக்கு 22.078, மூன்றிலும் சிறியது, நிம்மதியாகப் படிக்கலாம். மூன்றும் மொபைல் தரநிலைகளை வெளியிடும் 3ஜிபிபி அமைப்பின் தளத்தில் இலவசம்.

மூன்றாம், நான்காம் கட்டங்கள்

இவற்றை ஒரு நாளில் பார்த்துவிடலாம். ரிலீஸ் 99இன் மூன்றாம் கட்டம் எஸ்எம்எஸ் அனுப்புவதையும் ஜிபிஆர்எஸ் டேட்டாவையும் எஸ்சிபியின் பிடிக்குள் கொண்டுவந்தது. குறிப்பிட்ட எண்களை டயல் செய்தால் மட்டும் கேட்கும் டி-சிஎஸ்ஐ ஒன்றும் வந்தது. (அழைப்பு வரும்போது பயன்படும் டி-சிஎஸ்ஐயும் தமிழில் எழுதினால் ஒரே மாதிரி தெரியும், ஆங்கில எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அது T, இது D.) டேட்டாவுக்கான பகுதி பெரிதாகப் பரவவில்லை. ரோமிங்கில் இருந்தாலும் டேட்டா பெரும்பாலும் சொந்த நெட்வொர்க் வழியாகவே திரும்பி வருவதால், அங்கேயே கணக்குப் பார்த்துவிடுவது எளிதாக இருந்தது. ரிலீஸ் 5இன் நான்காம் கட்டம் ஓர் அழைப்பின் கிளைகளைத் தனித்தனியாகப் பிரிக்கவும் சேர்க்கவும், எஸ்சிபியே அழைப்பைத் தொடங்கவும் வழிசெய்தது. அது பெரிய கட்டம் என்பதால் துண்டு துண்டாக ஏற்றுக்கொள்ளவும் அனுமதித்தார்கள். ஆகவே ஒரு நெட்வொர்க் "நான்காம் கட்டம் உண்டு" என்றால், அதில் எந்தத் துண்டு என்று கேட்காமல் டெஸ்ட் கேஸ் எழுதாதீர்கள்.

சிடிஎம்ஏ நெட்வொர்க்குகளுக்கு இதே வேலையைச் செய்ய வின் என்ற தனித் தரநிலை இருந்தது. பழைய ஆவணங்களில் அந்தப் பெயர் வந்தால் குழம்ப வேண்டாம்.

பதில் வராதபோது

நான்காவது கேள்விக்கு வருகிறேன். இதை யாரும் முதலில் சொல்லித்தருவதில்லை. நான் கற்றுக்கொண்டது ஒரு பொங்கலுக்கு முந்தைய இரவு.

நான் துணைநின்ற ஒரு நெட்வொர்க்கில் எம்எஸ்சிக்கும் எஸ்சிபிக்கும் நடுவிலுள்ள இணைப்புகள் விழுந்துவிட்டன. ஆபரேட்டர்கள் ப்ரீபெய்டு தளத்தை ஐஎன் என்றே சொல்வார்கள். "ஐஎன் டவுன்" என்று போன் வந்தது. அழைப்புகள் எல்லாம் தோற்றுப்போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓடினோம். ஒன்றுகூடத் தோற்கவில்லை. எல்லாமே போய்க்கொண்டிருந்தன, காசு மட்டும் கழியவில்லை. சிஎஸ்ஐயில் டீஃபால்ட் கால் ஹேண்ட்லிங் என்ற புலம் "தொடர்" என்று வைக்கப்பட்டிருந்தது. ஐடிபிக்குச் சில நொடிகளில் பதில் வராவிட்டால் எம்எஸ்சி அந்தப் புலத்தைப் பார்க்கும். தொடர் என்றால் இணைத்துவிடும், துண்டி என்றால் துண்டித்துவிடும். அண்ணாச்சி போனை எடுக்காவிட்டால் கடன் கொடுப்பதா வேண்டாமா என்று பையனுக்கு முன்பே சொல்லிவைத்திருப்பது.

எது சரி? எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு. பண்டிகை இரவில் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்குப் போட்ட அழைப்புகள் போய்ச் சேர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. இப்படிப் போன அழைப்புகளின் பதிவில் டீஃபால்ட் கையாளுதல் என்ற அடையாளம் விழும். பிறகு அதை வைத்துக் கணக்கைச் சரிசெய்ய முடியும். வெளிநாட்டு ரோமிங்குக்கும் அதே அமைப்பை வைத்தால் நட்டம் பெரிது. ஆக, இரண்டுக்கும் வெவ்வேறு முடிவு வேண்டும். அதை எடுக்க வேண்டியவர் ஆபரேட்டர். என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள். நான் அதைக் கேட்கவில்லை.

வோல்டிஇக்கும் 5ஜிக்கும் போகும்போது

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. அதில் 2ஜி, 3ஜி அழைப்புப் பாதையே இல்லை. குரல் முழுதும் வோல்டிஇ, அதாவது 4ஜி வழியாகவே போகும் அழைப்பு. அங்கே எம்எஸ்சி இல்லை, அழைப்புகளை இணைய முறையில் நடத்தும் ஐஎம்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அப்படியென்றால் நான் படித்த கேமல் வீணா என்று கேட்பீர்கள். நோட்டை எடுத்துப் பத்தியை நிரப்புங்கள்.

யார் கேட்கிறார்? எஸ்-சிஎஸ்சிஎஃப் என்ற சர்வர். யார் முடிவு சொல்கிறார்? அப்ளிகேஷன் சர்வர். எங்கே கேட்பது? எச்எல்ஆரின் இடத்தில் இங்கே இருக்கும் எச்எஸ்எஸ்ஸிலிருந்து பதிவின்போது இறங்கும் ஐஎஃப்சி என்ற விதிகள் சொல்லும்: இன்வைட் செய்தி வந்தால், அழைப்பவர் பக்கமாக இருந்தால், இந்தச் சர்வரிடம் போ. பதில் வராவிட்டால்? அந்த விதியிலேயே தொடர் அல்லது துண்டி என்ற புலம். சிஎஸ்ஐயைப் படித்த ஒருவருக்கு ஐஎஃப்சி ஒரு மணி நேர வேலை.

பணக் கணக்குக்கு இங்கே கேப் இல்லை, டயமீட்டர் என்ற புரோட்டோகால். 2005இல் வந்த ஆர்எஃப்சி 4006 அதன் கடன் கட்டுப்பாட்டுப் பகுதி. 2019இல் 8506 அதன் இடத்துக்கு வந்தது. சிசிஆர் கேட்கும், சிசிஏ பதில் சொல்லும். பேலன்ஸ் தீர்ந்தால் 4012 என்ற குறியீடு வரும். ஒன்றை மட்டும் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளுங்கள்: டயமீட்டரில் நேரத்தின் அலகு நொடி. கேப்பில் நூறு மில்லிநொடி. இரண்டையும் மொழிபெயர்த்துத் தரும் கேட்வேயை டெஸ்ட் செய்யும் நாள் உங்களுக்கும் வரும். அன்று 300 நொடி கொடுத்தது 30 நொடியில் அறுந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

5ஜியில் ரிலீஸ் 15 முதல் சிஎச்எஃப் என்ற பெட்டி இந்த வேலையைச் செய்கிறது. எச்டிடிபி 2, ஜேசான். 32.290, 32.291 என்ற ஸ்பெக்குகள். அங்கேயும் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்ற புலம் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

கேமல் இன்னும் போய்விடவில்லை. நம் நாட்டில் 2ஜி ஓடிக்கொண்டிருக்கிறது. வோல்டிஇ இல்லாத போன் 4ஜியிலிருந்து கீழே இறங்கித்தான் பேசுகிறது. 2ஜியில் தொடங்கும் அழைப்பை ஐஎம்எஸ்ஸுக்குள் இழுத்து வருவதற்கும் கேமலையே வாசலாகப் பயன்படுத்தும் முறை 23.292இல் இருக்கிறது.

சீட்டை யாரும் மாற்றிவிடாமல்

2014 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் டோபியாஸ் எங்கல் என்ற ஆய்வாளர் ஒன்றைக் காட்டினார். எஸ்எஸ்7 பாதையில் நுழைய முடிந்த ஒருவர், விஎல்ஆரில் உள்ள சிஎஸ்ஐயில் எஸ்சிபி முகவரியைத் தன் முகவரியாக மாற்றி எழுத முடியும். அதன் பிறகு எம்எஸ்சி ஒவ்வோர் அழைப்புக்கும் அவரிடம் போய்க் கேட்கும். அவர் தன் எண்ணுக்கு இணைக்கச் சொல்லி, ஒட்டுக்கேட்டபடியே உண்மையான எண்ணுக்கு அனுப்பிவைக்கலாம். கல்லாச் சீட்டில் அண்ணாச்சியின் போன் எண்ணை அழித்து இன்னொருவர் தன் எண்ணை எழுதிவைப்பதுபோல. பையன்மேல் தவறே இல்லை, சீட்டில் உள்ளபடிதான் கேட்கிறான்.

கேமலோடு வந்த எனிடைம் இன்டரோகேஷன் என்ற செய்தியும் அப்படித்தான்; ஒருவர் எங்கே இருக்கிறார் என்று எச்எல்ஆரிடம் கேட்க உதவும். வெளி நெட்வொர்க்கிலிருந்து அது வர வேண்டிய தேவை சாதாரணமாக இல்லை, எல்லையிலேயே தடுக்க வேண்டும். டெஸ்ட் திட்டம் எழுதும்போது "வெளியிலிருந்து வந்தால் நிராகரிக்க வேண்டும்" என்ற வரிசையையும் எழுதுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் கிண்டியில் ரயிலுக்கு நிற்கும் ஒரு மனிதர் இருக்கிறார்.

திங்கட்கிழமை செய்ய வேண்டியது

லேப் பொறுப்பாளரிடம் போய் ஒரு மணி நேரம் கேளுங்கள். ஒரு டெஸ்ட் சிம்மில் மூன்று ரூபாய் போடச் சொல்லுங்கள். மேசையில் ஒட்டிய டிபி கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் அழைப்பு போட்டு, ஐடிபி முதல் ஏசிஆர் வரை குறித்துக்கொள்ளுங்கள். 270ஆவது நொடியில் ஒலி கேட்கிறதா என்று காதாலேயே கேளுங்கள். அப்புறம் எஸ்சிபி இணைப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, அதே எண்ணுக்கு இன்னொரு தடவை டயல் செய்யுங்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அழைப்பு போனாலும் போகாவிட்டாலும், எந்தப் புலத்தால் அப்படி நடந்தது என்று எச்எல்ஆரில் தேடிக் கண்டுபிடித்த பிறகு சாப்பிடப் போங்கள்.